ஆமென்றால் அறுந்துபோகும் இயர்பட்ஸ்

ஸ்லிவென்,
திங்கட்கிழமை மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம்.

அன்புள்ள மச்சான் மிலெனுக்கு உன் அத்தான் டோப்ரி எழுதிக்கொள்வது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதை அடுத்த பாராவில் வைத்துக்கொள்வோம். நீ பாதியும் நான் பாதியும் போட்டு இறக்கிய இருநூறு ஜோடி இயர்பட்ஸும், நம் ஊர்க்காரர்கள் ‘ஆம்’ என்று தலையாட்டினால் அழைப்பைத் துண்டிக்கின்றன. ‘வேண்டாம்’ என்று தலையாட்டினால் இணைத்துவிடுகின்றன. பொருளில் கோளாறு இல்லை. தலையில்தான் கோளாறு. யார் தலையில் என்பதைப் படித்து முடித்ததும் நீயே சொல்.

இனி நலம். நானும் உன் அக்கா ராட்காவும் சௌக்கியம். உன் மனைவி நெவேனாவையும் பாப்பாவையும் நேற்றுப் பார்த்தேன், நீ ஜெர்மனியிலிருந்து அனுப்பிய மழைக்கோட்டை வெயிலிலும் கழற்ற மாட்டேன் என்கிறாளாம் பாப்பா. காற்று வழக்கம்போல அடிக்கிறது, கடைப் பலகையைப் போன வாரமும் தபாலாபீஸ் வாசலில் போய் எடுத்து வந்தேன். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் ‘பார்த்தீங்களா அத்தான், நான் அப்பவே சொன்னேன்’ என்று நடுவில் புகுந்துவிடுவாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நாளை காலை கிளம்பும் ஜெர்மனி பஸ்ஸில், ராட்கா கிளறிய லியுதெனித்ஸா மிளகாய்த் தொக்கு நாலு ஜாடியோடு இதையும் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீ உன் லாரி கம்பெனிக்கு ‘வேலையை விடுகிறேன்’ என்றோ ‘இன்னும் ஒரு வருஷம் ஓட்டுகிறேன்’ என்றோ சொல்லியாக வேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே இரண்டாவது கடை திறந்தால் அதில் நீ உட்காரலாம், பாப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகலாம். அந்தக் கடைக்கான அட்வான்ஸ் இந்த இருநூறு ஜோடியின் லாபத்தில்தான் வர வேண்டியிருந்தது. ஆகவே ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் எப்படிச் சரக்கு எடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். சந்தையில் தரையில் சாக்கு விரித்து டார்ச் லைட் பேட்டரி விற்று ஆரம்பித்தவன் நான். கம்பெனிக்காரன் அச்சடித்துத் தரும் வழவழப்புத் தாளை நான் நம்புவதில்லை. எனக்கு மூன்று சேனல் போதும். முதலாவது, சோபியாவில் இருக்கும் கெராசிம் நடத்தும் ‘முதல் பெட்டி’. புதுச் சாமான் எது வந்தாலும் அன்றைக்கே பெட்டியைப் பிரித்துக் காட்டுவான், பின்னால் நீல விளக்கு, தலைமுடி சீப்புக்கு அஞ்சாமல் நிற்கும். பெட்டியின் மேல்தாளை உரிக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தால் பிரசவ வார்டு வாசலில் நிற்கும் தகப்பன் தோற்றான். இரண்டாவது சேனலில் ஆளே கிடையாது, குரலும் கிடையாது, இரண்டு கைகள் மட்டும். அந்தக் கைகள் போனைத் திருகு திருகாகக் கழற்றி உள்ளே இருப்பதைப் பரப்பி வைத்துவிட்டு மறுபடி பூட்டும். அவை ஆண் கைகளா பெண் கைகளா என்று எனக்கும் ராட்காவுக்கும் பல நாளாக வழக்கு. ‘வேலை முடிஞ்சதும் மேஜையைத் துடைக்குது பாருங்க, அப்ப ஆம்பளை இல்ல’ என்பது அவள் கட்சி. மூன்றாவது, ரூசே நகரத்துப் பெண் பிலியானாவின் ‘ஒரு மாசம் கழிச்சு’. எந்தச் சாமானையும் ஒரு மாதம் தானே வைத்துப் பழகிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேசுவாள், நடுநடுவே பூனை குறுக்கே போகும். மூன்று பேரில் உண்மையானவள் அவள்தான். ஆனால் மச்சான், அவள் நல்லது என்று சொல்லி முடிக்கும்போது அந்தச் சாமான் பெட்ரோல் பங்க்கில்கூட விற்றுக்கொண்டிருக்கும். வியாபாரிக்கு ஒரு மாதம் என்பது ஒரு யுகம். அதனால் மனசு பிலியானாவிடமும் பணம் கெராசிமிடமுமாக நான் இத்தனை நாள் காலம் தள்ளினேன், நன்றாகத்தான் போயிற்று.

ஜூலையில் கெராசிம் இந்த இயர்பட்ஸைப் பிரித்தான். ‘கை தேவையில்லை நண்பர்களே! மாவு பிசைகிறீர்களா, காரோட்டுகிறீர்களா? ஆம் என்று தலையசைத்தால் அழைப்பு இணையும், இல்லை என்று அசைத்தால் அறுந்துபோகும்’ என்றான். கேமரா அவன் காதுக்கு அருகே போயிற்று, குட்டி விளக்கு மினுக்கியது, அழைப்பு இணைந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கை ஓயாத ஊர் நம்முடையது. கசாப்புக்கடை, டாக்ஸி, பீச் தோட்டம், எவனுக்குக் கை சும்மா இருக்கிறது? அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டேன். நீயும் ஹைவேயில் லாரியை ஓரம்கட்டிவிட்டு ‘எடுங்க அத்தான்’ என்றாய், அதை இப்போது ஞாபகப்படுத்துவது குற்றம் சொல்வதற்காக அல்ல. மாதிரிக்கு வந்த ஜோடியில் பாட்டுக் கேட்டுப் பார்த்தேன், பேட்டரியைச் சோதித்தேன், பொத்தானை அழுத்திப் பேசினேன், எல்லாம் பிரமாதம். தலையாட்டலை மட்டும் சோதிக்கவில்லை. பிறந்ததிலிருந்து ஆட்டிக்கொண்டிருக்கும் தலையை யாராவது கடையில் நின்று சோதிப்பார்களா?

முதல் ஜோடியை வாங்கியது கசாப்புக்கடை நேனோ. ஆட்டுக்காரன் கூப்பிட்டிருக்கிறான். நேனோவுக்கு இரண்டு கையிலும் ரத்தம், ‘சொல்லுப்பா’ என்று நம் ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டியிருக்கிறான். அறுந்துபோயிற்று. மறுபடி கூப்பிட்டான், நேனோ இன்னும் அன்பாக ஆட்டினான், மறுபடி அறுந்தது. மூன்றாம் தடவை அறுந்ததும் ஆட்டுக்காரன் கோபித்துக்கொண்டு பத்து ஆட்டையும் எதிர்க்கடைக்கு ஓட்டிவிட்டான். நேனோ ரத்தக்கறை ஏப்ரனோடு என் கடைக்குள் வந்தான்.

“யோவ் டோப்ரி! நீ எனக்கு வித்தது என்னய்யா, என் பங்காளியா? நான் சரின்னா அது முடியாதுங்குது!”

“நேனோ அண்ணே, முதல்ல அந்தக் கத்தியைக் கீழ வைங்க.”

“எந்தக் கத்தி?” என்று கையைப் பார்த்தவன் தானே பயந்துபோனான்.

காற்று அதிகம், சிக்னல் சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். நம் ஊரில் எதற்கும் காற்றின்மேல் பழி போடலாம், அது ஒரு வசதி.

அடுத்தது வீட்டுக்குள்ளேயே நடந்தது. ராட்கா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், காதில் இயர்பட்ஸ், பக்கத்தில் நெவேனா. யாம்போலிலிருந்து உங்கள் மூத்த அக்கா ஸ்டொயான்காவின் அழைப்பு. உனக்குத்தான் தெரியுமே, அவள் பேச ஆரம்பித்தால் போட்ட துணி காய்ந்து மடித்து வைக்கிற வரைக்கும் விட மாட்டாள். ராட்கா ‘இப்ப வேண்டாம்’ என்று தலையை மேலே தூக்கி, கீழே இறக்கி, ‘ச்சு’ கொட்டினாள். அறுந்தது என்று நினைத்துக்கொண்டு நெவேனாவிடம், “எங்கக்காதான். போன ஞாயித்துக்கிழமை அவ சுட்டுக் கொண்டுவந்த பனிட்ஸாவை நாயிக்கு வச்சேன், மோந்து பாத்துட்டு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு பாரு” என்றாள். காதுக்குள்ளிருந்து நிதானமாக ஒரு குரல்: “எந்த நாயி, ராட்கா?” இப்போது இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நீ ஒரு வார்த்தை பேசி வைத்தால் நல்லது. பனிட்ஸா பற்றி மட்டும் பேசாதே.

இதற்குள் நான் டாக்ஸி கம்பெனி ஸ்பாஸுக்குப் பன்னிரண்டு ஜோடி விற்றிருந்தேன், மொத்தமாக, கைகுலுக்கி. மறுநாள் சோபியா ரயில் வந்து நின்றபோது ஸ்டேஷனில் கூட்டம், பெட்டி படுக்கை, காற்று. டாக்ஸி ஒன்றைக்கூடக் காணோம். பன்னிரண்டு வண்டியும் பெரிய எல்ம் மரத்தடியில் வரிசையாக நின்றன. ஆபீஸிலிருந்து சவாரி சொல்லக் கூப்பிட, டிரைவர்கள் எல்லாரும் ‘வரேன், வரேன்’ என்று ஆசையோடு தலையாட்ட, எல்லாம் அறுந்துகொண்டே இருந்திருக்கிறது. சாயங்காலம் ஸ்பாஸ் வந்து என் கவுன்டர்மேல் பன்னிரண்டு பெட்டியையும் அடுக்கினான்.

“அண்ணே, இன்னிக்கு என் கம்பெனிக்கு ஓடினது ஒரே ஒரு சவாரி. அதுவும் நம்ம டிரைவர் கிரோ எடுத்தது. அவன் ஏன் எடுத்தான் தெரியுமா?”

“ஏன்?”

“அந்த ஏரியாவுக்குப் போக அவனுக்கு இஷ்டமே இல்ல!”

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கெராசிம் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். ராட்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “ஏங்க, இவன் காதைத்தானே காட்டறான்? தலை எந்தப் பக்கம் ஆடிச்சுன்னு எங்க காட்டினான்?” என்றாள். எழுந்து கண்ணாடி முன் நின்று, காதில் மாட்டிக்கொண்டு, உலகத்துக்காரர்கள்போல மேலும் கீழுமாக ஆட்டினேன். இணைந்தது. நம் ஊர்க்காரனாக இடவலமாக ஆட்டினேன். அறுந்தது. இருநூறு ஜோடிக்கும் நம் தேசம் ஒன்று இருப்பதே தெரியாது, மச்சான். தலையாட்டல் வசதியை அணைத்து வைக்கலாம்தான், ஆனால் அணைத்துவிட்டால் அது சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் வெறும் இயர்பட்ஸ். கெராசிமுக்கு வீடியோவுக்குக் கீழே ஒரு பக்கத்துக்கு எழுதினேன். பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தான். இருநூறு ஜோடிக்கு ஒரு இதயம்.

அந்தக் கோபத்தில் பிலியானாவின் வீடியோவுக்குக் கீழேயும் அதையே எழுதி, என் நம்பரையும் போட்டேன். மறுநாள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு; ஆவலோடு தலையாட்டினேன், அறுந்தது. மறுபடி வந்தது, மறுபடி ஆட்டினேன். தெரிந்தும் ஆட்டுகிறேன் பார், தலை என் பேச்சைக் கேட்பதில்லை. மூன்றாவதாக ஒரு செய்தி வந்தது: ‘டோப்ரி அண்ணே, பிலியானா பேசறேன். கொஞ்சம் தலையை ஆட்டாம இருக்கீங்களா?’

சனிக்கிழமை பஸ் பிடித்து வந்துவிட்டாள், தோளில் கேமராவும் மூன்று கால் தாங்கியும். பூனையை எங்கே விட்டு வந்தாய் என்று ராட்கா முதலில் விசாரித்தாள், பக்கத்து வீட்டிலாம். கடையிலேயே படம் பிடித்தாள். நேனோ தன் ஆட்டுக் கதையைச் சொன்னான். அவனிடம்தான் ஒரு விசித்திரம் தெரிந்தது. பணத்தைத் திருப்பித் தரும்வரை கழற்ற மாட்டேன் என்று அவன் பத்து நாளாக வீம்புக்கு அதைக் காதிலேயே வைத்திருந்தான். இப்போது அவன் அழைப்பு எதுவும் அறுவதில்லை. தலை மாறிவிட்டது! “வீட்ல சோறு போட மாட்டேங்கறாங்க” என்றான் அழாத குறையாக. “பொண்டாட்டி ‘இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தவா’ங்கறா. சரின்னு தலையாட்டறேன், அது மேலயும் கீழயும் போகுது. அவ வேண்டாம்போலனு சட்டியை எடுத்துட்டுப் போயிடறா.”

பிலியானா சிரித்துச் சிரித்துக் கேமராவைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ராட்காவின் பனிட்ஸாவைத் தின்றுகொண்டே, “இது எனக்கு முன்னாடியே கிடைச்சிருக்கணும் அண்ணே. காலேஜ் படிக்கறப்ப நெஸெபர் கடற்கரையில வெயிட்டர் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்காரங்க ‘மீன் இருக்கா’ம்பாங்க, இருக்குன்னு தலையாட்டுவேன், எழுந்து பக்கத்து ஹோட்டலுக்குப் போயிடுவாங்க. முதலாளியம்மா பின்னாடி நின்னு என்னைத் திட்டுவாங்க” என்றாள்.

மச்சான், அந்த இடத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. கையிலிருந்த பனிட்ஸாவைக் கீழே வைத்தேன். “கேமராவை என் பக்கம் திருப்பும்மா” என்றேன். திருப்பினாள். “கடற்கரை ஹோட்டல்காரங்களே, இது இயர்பட்ஸ் இல்ல. உங்க வெயிட்டர் பசங்க தலைக்கு வாத்தியார். குளிர்காலம் பூரா காதுல மாட்டி விடுங்க. தப்பா ஆட்டினா அறுந்துபோகும், சரியா ஆட்டினா பேசும். சீசன் தொடங்கறப்ப உங்க பையன் மீன் இருக்குன்னு ஆட்டினா ஜெர்மன்காரன் உட்காருவான். இதோ நேனோ, பத்தே நாள்ல தயாரானவர்” என்று நேனோவை இழுத்து முன்னால் நிறுத்தினேன். ‘கேளுங்க’ என்றேன். ‘ஆட்டுக்கறி இருக்கா?’ என்று பிலியானா கேட்டாள். நேனோ மேலும் கீழுமாகக் கம்பீரமாகத் தலையாட்டினான். ஒரு மாதம் பழகிப் பார்க்காமல் வீடியோ போடுவது இதுதான் முதல் தடவை, நேனோவின் பத்து நாளை என் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். போட்ட வீடியோவை ஜனங்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, அவள் பூனை காபிக் கோப்பையைத் தள்ளிவிட்ட வீடியோவையே மிஞ்சிவிட்டது.

இன்று காலை நெஸெபரிலிருந்து திருமதி இஸ்க்ரா மிதேவா வீடியோ அழைப்பில் வந்தார். கடற்கரையில் மூன்று ஹோட்டல், சாப்பாட்டுக்கு வருவது முழுக்க வெளிநாட்டுக்காரர்கள். அவர் பக்கம் மைக் வேலை செய்யவில்லை. நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் குரல் எங்களுக்கு வரவில்லை. பரவாயில்லை, பேரத்துக்குத் தலை போதும் என்று ஆரம்பித்தேன். மொத்தச் சரக்கும் எடுத்தால் ஜோடி நாற்பத்தைந்து லெவா என்றேன். தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். வேண்டாமாம். சரி, பழம் தின்று கொட்டை போட்ட அம்மா என்று நாற்பதுக்கு இறங்கினேன். மறுபடி மேலும் கீழும். முப்பத்தாறு என்றேன். சிரித்துக்கொண்டே இன்னும் பலமாக மேலும் கீழும். ராட்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள், நான் நகர்த்திக்கொண்டேன். இதற்குக் கீழே போனால் வாங்கின விலைதான். முப்பத்திரண்டு என்றேன். அந்தம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு மூஞ்சியைச் சுளித்தார். பிறகு மெதுவாகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். “முடிஞ்சது! சந்தோஷம்மா!” என்று நான் கும்பிட்டேன், படம் அணைந்துபோயிற்று.

“அந்தம்மா சிரிச்சுக்கிட்டே வேண்டாங்கறா, மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு சரிங்கறா. எனக்கு என்னமோ இடிக்குதுங்க” என்றாள் ராட்கா.

“வியாபாரத்துல சிரிப்பும் ஒரு ஆயுதம்டி. உனக்குத் தெரியாது” என்றேன்.

ஆக மச்சான், உள்ளதைச் சொல்கிறேன். போட்ட பணம் திரும்பிவிட்டது, ஒரு காசு நஷ்டமில்லை. ஆனால் லாபமும் இல்லை, பஸ் ஸ்டாண்டு கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியாது. கடைச் சொந்தக்காரர் அக்டோபர் கடைசியில் வரும் தூய திமிதர் நாளோடு பழைய வாடகைதாரரை அனுப்பிவிட்டு அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். நீ இன்னும் ஒரு குளிர்காலம் லாரி ஓட்ட வேண்டியதுதான். நெவேனாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயே பக்குவமாகச் சொல். மனசை விடாதே. வழியைக் கண்டுபிடித்துவிட்டோம், சரக்கு தீர்ந்துவிட்டது, அடுத்த சாமானை நாமே எல்லாப் பக்கமும் தலையாட்டிச் சோதித்துவிட்டு வாங்குவோம். கெராசிமைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், சாப்பிடும்போது மட்டும் பார்க்கிறேன். உன் டயர் வழுக்காமல், உன் வயிறு பட்டினி கிடக்காமல், உன் பாதை பனியில்லாமல் இருக்க ஆண்டவன் துணை இருக்கட்டும். ராட்கா உனக்கு முத்தம் அனுப்புகிறாள், ஜாடிகளைக் கழுவித் திருப்பி அனுப்பச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்,
டோப்ரி ஸ்தானேவ்.

பி.கு.: மேலே எழுதிய கடைசிப் பாராவை அடித்துவிடு, நான் அடித்தால் அசிங்கமாக இருக்கும். உறையை ஒட்டப் போகும்போது திருமதி மிதேவா சாதாரண போனில், குரலோடு, கூப்பிட்டார்.

“டோப்ரி சார், பதினெட்டு வருஷமா இங்கிலீஷ்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் மீன் போட்டுக்கிட்டிருக்கேன். என் தலை எந்தப் பக்கம் ஆடும்னு நினைச்சீங்க? நாற்பத்தஞ்சுன்னீங்க, சரின்னேன். நீங்களா நாற்பதுங்கறீங்க. அதுக்கும் சரின்னேன். முப்பத்தாறா, கொடுத்து வச்சவ நான்னு அதுக்கும் சரின்னேன். முப்பத்திரண்டுன்னதும் பயமாயிடுச்சு. கேக்காமலே இப்படி இறங்கறாரே, உள்ள ஏதாவது வெடிக்குமோன்னு வேண்டாம்னுட்டேன். நீங்க என்னடான்னா கும்பிடறீங்க!”

“அப்ப முதல் சரி நாற்பத்தஞ்சுக்குத்தானேம்மா?”

“கடைசி சரி முப்பத்தாறுக்கு.”

“முதல் சரிதான் மனசார சொன்ன சரி. மத்தது நான் பதட்டத்துல உளறினது.”

“ஆளு நல்ல ஆளுதான்யா நீங்க” என்று சிரித்தார். இந்தத் தடவை சிரிப்பு காதில் கேட்டது, நம்பலாம். என் தலையை ராட்கா இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, வாயாலேயே பேசி முடித்தோம். பஸ் ஸ்டாண்டு கடைச் சொந்தக்காரருக்கும் உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை உன் கம்பெனியில் ‘வேலையை விடுகிறேன்’ என்று சொல். வாயால் சொல். தலையை ஆட்டித் தொலைத்துவிடாதே.

பேசிய கணக்கு: நேனோ கழற்ற மாட்டேன் என்கிற ஒன்றும், ஸ்டொயான்காவைச் சமாதானப்படுத்த ராட்கா எடுத்து வைத்த ஒன்றும் போக நூற்றுத் தொண்ணூற்றெட்டு ஜோடி, ஜோடி நாற்பத்திரண்டு லெவா, பாதி முன்பணம், மீதி சரக்கு இறங்கியதும், தூய திமிதர் நாளுக்குள் நெஸெபரில் கொண்டுபோய் இறக்குவது மிலென்.